ஓய்வு நேரத்துக் கை

சும்மா இருக்கச் சொன்னாலும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

வி.ஆர். கண்ணாடிக்குள் ஒரு மேசை தெரியும். மேசைமேல் ஒரு நீலக் கோப்பை, ஒரு மஞ்சள் பந்து, பூட்டோடு ஒரு சாவி. குனிந்து பார்த்தால், தன் வலது கை இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு பொம்மைக் கை. அது கோப்பையை எடுக்கும், பந்தை அமுக்கும், சாவியைத் திருப்பும். அதே நேரத்தில் நிஜக் கையில் ஒட்டியிருக்கும் பட்டைகள் சுர்ரென்று மின்சாரம் கொடுத்து, செத்துக் கிடக்கும் தசையை அந்தப் பொம்மைக் கை போகும் போக்கிலேயே இழுக்கும். கண் நம்பினால் மூளை நம்பும், மூளை நம்பினால் நரம்பு துளிர்க்கும் என்பது பிசியோ பெண் சொன்ன கணக்கு. ஒரு பயிற்சிக்கும் அடுத்த பயிற்சிக்கும் நடுவில் சில நிமிடங்கள் ஓய்வு. அந்த ஓய்வில்தான் கேக்கம்மா அதைக் கவனித்தாள். மேசை ஓரத்தில் சும்மா கிடக்க வேண்டிய கை, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன உருண்டையை உருட்டிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மூக்கைத் தோண்டியவர்கள் உருட்டுவார்களே, அந்த உருட்டல்.

அவளுக்கு உடம்பு கூசியது. கண்ணாடியின் பஞ்சு ஓரம் வேறு ஈரமாக முகத்தில் அப்பியிருந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் போகாத யார் யாருடைய நெற்றி வேர்வையோ அதற்குள் புளித்துக் கிடந்தது. அவள் வாயால் மூச்சு விட்டாள்.

"டாக்டரம்மா, இது என்னமோ பண்ணுது."

"டாக்டர் இல்லம்மா, பிசியோ. எத்தன தடவ சொல்றது?" என்று சிரித்தாள் பிசியோ. "ஓய்வுலயும் கை லேசா அசையும். அப்பதான் நிஜக் கை மாதிரி இருக்கும். பாத்துக்கிட்டே இருங்க."

பார்ப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழியும் இல்லை. இருபத்து மூன்று வருடம் கேக் செய்து பெயரே கேக்கம்மா என்று ஆகிவிட்டவள். சர்க்கரை மாவில் அவள் செய்யும் பூவைத் தொட்டுப் பார்த்தால்தான் பொய்ப் பூ என்று தெரியும். அவள் சமையலறையில் தலையைச் சொறிந்த கையோடு யாராவது நுழைந்தால் தொலைந்தார்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை கை கழுவுகிறாள் என்று எண்ணிப் பார்த்த கணவர், எண்ணிக்கை முப்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டார். இரண்டு மாதத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது நரம்புகளைத் தின்றுவிட்டுப் போனது. கால்கள் திரும்பி வந்தன. இடது கை அசைந்தது, ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. அடுப்பில் வைத்தாலும் தெரியாது. வலது கைக்கு எல்லாம் தெரிந்தது, ஆனால் அசையவே இல்லை. அந்தக் கை வராவிட்டால் அவள் வெறும் அம்மா. கேக் இல்லை.

வழக்கமாக, நோயாளியின் நல்ல கைக்கு ஓர் உறையை மாட்டிப் பதிவு செய்து, அதைத் திருப்பிப் போட்டுத்தான் கண்ணாடிக்குள் காட்டுவார்கள். அவளிடம் அப்படி ஒரு நல்ல கை இல்லை. இடது கை தேறட்டும், இரண்டு மாதம் போகட்டும் என்றாள் பிசியோ. அதுவரை பொறுக்க அவளால் முடியவில்லை.

"வேற யாரோட கையாவது இருந்தா போடுங்களேன்."

"ஒருத்தரோடது இருக்கு. காலுக்கு வந்தவரு, வலது கை நல்லா வேலை செய்யும், சோதனைக்காகப் பதிவு பண்ணோம். ஆனா அடுத்தவங்க கைய யாரும் போட மாட்டோம்மா."

"யார் கையா இருந்தா என்ன? கை மாதிரி இருந்தா போதும்."

சொன்னது அவள்தான். பின்னாளில் அதை நினைக்காத நாள் இல்லை.

மூன்றாவது வாரம், மதியச் சாப்பாட்டின்போது விரல் அசைந்தது. கணவர்தான் முதலில் பார்த்தார். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு, அவள் மடியில் கிடந்த வலது கைக்கு நேராகக் குனிந்தார்.

"ஏய், ஆடுது! இங்க பாரு, ஆடுது! பூ உருட்டுறடி நீ!"

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடிப் பிடித்து, மெல்ல, மிக மெல்ல, உருட்டின. அவர் குழந்தை மாதிரி அழுதார். அவளும் அழுதாள். சர்க்கரை மாவை மிளகளவு கிள்ளி உருட்டி, நசுக்கி, ஓரத்தை மெலிதாக்கினால் ஓர் இதழ். வாழ்நாளில் பல லட்சம் முறை உருட்டிய விரல்கள்; வேறு எதை முதலில் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகின்றன? அன்று முழுக்க அவள் அப்படித்தான் நினைத்தாள். சாயங்காலம் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையையே உற்றுப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவள் வெளிப்பக்கமாக உருட்டுபவள், கட்டை விரலின் சதையால். இது உள்பக்கமாக உருட்டியது, நகத்தின் ஓரத்தால். உருட்டி முடித்ததும் நின்று, மறுபடி எதையோ தேடியது.

மறு வாரம் முழங்கை மடங்கியது. உருட்டிய விரல்கள் இப்போது மேலே வர ஆரம்பித்தன. மூக்கருகே வந்து நிற்கும். முகர்ந்து பார்க்கக் காத்திருப்பது போல ஒரு நொடி நிற்கும். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். விரல்களில் ஒன்றும் இருக்காது, சோப்பு வாசனைதான் அடிக்கும். "மூக்கு அரிச்சா சொறிஞ்சுக்கலாம் இனிமே, என்ன குறை உனக்கு?" என்று கணவர் கேலி செய்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் நகம் வெட்டிவிட உட்கார்ந்தார். இடது கையில் ஐந்தும் முடிந்தது. வலது கை, சுண்டு விரலிலிருந்து ஆள்காட்டி விரல்வரை ஒவ்வொன்றாக நீட்டிக் கொடுத்தது. கட்டை விரலின் முறை வந்ததும் அதை உள்ளே மடக்கி மூடிக்கொண்டது.

"விடும்மா, வெட்டணும்ல?"

"நான் பிடிக்கலங்க."

அவர் சிரித்துக்கொண்டே இழுத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. மறுபடி இழுத்தார். "சரி, பலம் வந்துருக்கு, நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு நகவெட்டியை மூடி வைத்தார். அந்த நகம் வளர்ந்தது. நடுவில் பள்ளம் விழுந்து, ஓரம் கூராக, அவளுடையதாக இல்லாத ஒரு நகம்.

அதே சமயத்தில் இடது உள்ளங்கையில், கட்டை விரலுக்குக் கீழே இருக்கும் சதைப்பற்றான மேட்டில் ஒரு புண் வந்தது. "சூட்டுல வச்சிட்டியா? உணர்ச்சியில்லாத கை, பாத்து இருக்கக் கூடாதா?" என்று கணவர் மருந்து வைத்துத் துணி கட்டினார். மரத்த கையில் இதெல்லாம் சகஜம் என்று பிசியோவும் சொன்னாள். காலையில் எழும்போது கட்டு அவிழ்ந்து கிடக்கும். புண் பக்கத்து வீட்டு நிலத்தை வளைப்பவனைப் போல ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக எல்லையைத் தள்ளிக்கொண்டே போனது.

காலையில் வாய் உப்புக் கரித்தது. பல் இடுக்கில் ஏதோ சிக்கியிருந்தது. நாக்கால் துழாவினால் வழுக்கியது, குச்சியால் எடுத்தால் ரப்பர் போல நீண்டது. வெள்ளையாக, மெலிதாக, நகத்தளவு. ராத்திரிச் சாப்பாட்டில் இப்படி எதுவும் இல்லையே என்று யோசித்தாள். மூலைவீட்டுப் பல் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, கொப்பளித்துத் துப்பினாள். மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாளும்.

ஆறாவது வாரம் கண்ணாடிக்குள் அந்தக் கை மேசையை விட்டே போய்விட்டது. ஓய்வு தொடங்கியதும், இடப்பக்கமாகக் கீழே நீண்டு, அவள் பார்வைக்கு எட்டாத இடத்துக்கு இறங்கியது. அங்கே என்ன இருக்கிறது என்று கண்ணாடி காட்டவில்லை. பட்டைகள் காட்டின. நகம் ஓர் ஓரத்தைத் தேடுவதை அவளுடைய தசை உணர்ந்தது. ஓரம் கிடைத்தது. நெம்பியது. பிடித்தது. பொறுமையாக, அறுந்துவிடாமல், நீளமாக இழுத்தது. அதில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகமும் மின்சாரத்தோடு சேர்ந்து அவள் கைக்குள் ஏறியது. அவள் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள். பிசியோ ஓடி வருவதற்குள் தரையில் வாந்தி எடுத்திருந்தாள்.

கூட்டித் துடைக்கும் பெண் வாளியோடு வந்தாள். பிசியோ தண்ணீர் எடுக்கப் போன நேரம்.

"அதே நாற்காலி," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "அந்த ஆளும் இதுலதான் உட்காருவாரு."

"எந்த ஆளு?"

"கால்ல உணர்ச்சி இல்லாம வந்தாரே ஒருத்தரு. கையில உறையெல்லாம் மாட்டிப் படம் புடிச்சாங்களே, அவரு. பயிற்சி பண்ற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் குனிஞ்சு குதிகால உரிச்சுக்கிட்டே இருப்பாருக்கா. வலிச்சாத்தானே? நாற்காலிக்கு அடியில தோல் தோலா கிடக்கும், நாந்தான் கூட்டணும். அப்புறம் அப்புறம் கீழயும் ஒண்ணும் கிடக்கல."

"விட்டுட்டாரா?"

அவள் துணியைப் பிழிந்தாள். ரொம்ப நேரம் பிழிந்தாள். "எங்க விட்டாரு. உருட்டி வாயில போட்டுக்குவாரு. எலும்பு தெரியற வரைக்கும் போயிடுச்சு, கால எடுத்துட்டாங்கன்னு கேள்வி. நீங்க வாந்தி எடுத்திருக்கீங்க, இதப் போயி உங்ககிட்ட சொல்றேன் பாருங்க."

கேக்கம்மா தன் இடது கைக்கட்டைப் பல்லால் அவிழ்த்தாள். சூட்டுப் புண் என்றால் கொப்புளம் இருக்கும், கருத்திருக்கும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. ஓரம் சுத்தமாக, படிப்படியாக, ஒரு படலத்துக்கு உள்ளே அடுத்த படலமாக இறங்கியிருந்தது. பொறுமைசாலி ஒருவனின் வேலை. பல் இடுக்கில் அகப்பட்டது என்னவென்று அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாக்கை வாய்க்குள் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தண்ணீரோடு திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்ட பிசியோவின் முகம் வெளுத்தது. "பயிற்சிய மட்டும் வெட்டி எடுத்துப் போட்டா, கை திடுக் திடுக்குனு குதிக்கும்மா. அதான் ஓய்வையும் சேர்த்து அப்படியே விட்டேன். அவரு அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தாருன்னு நான் யோசிக்கல."

"பயிற்சி எவ்வளவு, ஓய்வு எவ்வளவு?"

"பயிற்சி பன்னெண்டு நிமிஷம்." கொஞ்சம் தயங்கினாள். "ஓய்வு இருபத்தெட்டு."

அவள் கண்ணெதிரிலேயே பதிவு அழிக்கப்பட்டது. திரை வெறுமையானது.

"என் கையில இருக்கறத எப்படி அழிப்பீங்க?"

பிசியோ மெல்லச் சொன்னாள்: "கட்டுப் போட்டு அசையாம வச்சிடலாம்மா. ஆறு மாசம். பழக்கம் போயிடும். ஆனா கையும் போயிடும். இப்பதான் நரம்பு துளிர்த்திருக்கு."

கேக்கம்மா வலது கையைப் பார்த்தாள். அது மடியில் சாதுவாகக் கிடந்தது. அதை அவள் வெறுத்தாள். வெட்டிப் போடலாம் என்றிருந்தது. மேலே தூக்கினாள், உயர்ந்தது. ஐந்து விரலையும் விரித்தாள், விரிந்தது. நான்கு மாதம் அதற்காக அழுத அழுகை கொஞ்சமா?

"கட்டு வேண்டாம்," என்றாள்.

படுக்கப் போகும்போது கணவர் அந்தக் கைக்கு அடுப்புக் கையுறையை மாட்டி, மணிக்கட்டில் நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். காலையில் முடிச்சு அப்படியே இருந்தது. பத்து நாள் அப்படியே இருந்தது. வாய் கரிக்கவில்லை. இடது கையில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக மூடிக்கொண்டு வந்தது. பகலில் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் கையைக் கவனித்தாள். பார்க்கிறவரை அது ஒழுங்காக இருந்தது. பதினோராவது நாள், மூலைவீட்டுப் பல் டாக்டர் தன் மனைவியின் பிறந்த நாளுக்கு ஒரு வெள்ளைக் கேக் கேட்டார். மேலே நாற்பது பூ. "உங்க கேக்கால எனக்கும் ரெண்டு நோயாளி கிடைப்பாங்க" என்று பழைய கேலியையே சொன்னார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று மதியம் அவள் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கை கழுவினாள். சர்க்கரை மாவை மிளகளவு கிள்ளினாள். விரல்கள் உருட்டின, வெளிப்பக்கமாக, கட்டை விரலின் சதையால். நசுக்கின. ஓரம் கண்ணாடித்தாளாக மெலிந்தது. ஐந்து இதழ், ஓரத்தை லேசாக வெளியே சுருட்டிவிட்டால் பூ. முதல் பூவைத் தட்டில் வைத்தபோது கணவர் கைதட்டினார். முப்பத்தொரு பூவில் மாவு தீர்ந்தது. "இன்னும் ஒம்பதுதானே, வாங்கிட்டு வந்துடறேன், நீ கொஞ்சம் உக்காரு" என்று அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

அவள் உட்கார்ந்தாள். மேசைக்குக் கீழே, சமையல் மேலாடை போர்த்திய மடியில், கட்டுப் போட்ட இடது கை கிடந்தது. வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. குளிர்சாதனப் பெட்டி முனகியது. வெனிலா வாசனை. நான்கு மாதத்துக்குப் பிறகு உழைத்த அலுப்பு இனிப்பாக இருந்தது. கையுறையை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். பட்டப்பகல்தானே என்றும் நினைத்தாள்.

ஏதோ சத்தம் அவளை மெல்ல எழுப்பியது. சின்னச் சத்தம். ஈரமான உறையிலிருந்து தபால்தலையை உரிப்பது போல. நின்றது. மறுபடி வந்தது.

கண் திறந்தாள்.

வெயில் சுவருக்கு ஏறியிருந்தது. மாவுக் கிண்ணம் காலி. அவள் விட்டபடியே காலி. கையுறை மேசைமேல். அதற்குப் பக்கத்தில் கட்டுத் துணி, அழகாகச் சுருட்டி வைத்திருந்தது.

தட்டில் பூக்கள் இருந்தன. எண்ணினாள்.

நாற்பது.

முப்பத்தொன்று வெள்ளை. ஒன்பது வெள்ளை இல்லை. வெளிர் சிவப்பு. ஐந்தைந்து இதழ். ஓரம் மெலிந்து, வெளியே சுருண்டு. அவள் கைவேலை. அச்சு அசல் அவள் கைவேலை. தட்டில், அந்த ஒன்பதின் அடியில், ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

வலி இல்லை. எங்குமே வலி இல்லை. ஆனால் தொடைக்கு உணர்ச்சி உண்டு. தொடைமேல் மேலாடை நனைந்து, கதகதவென்று, ஒட்டியிருந்தது.

அவள் மேலாடையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. "கேக்கம்மா! மாவு வாங்கியாச்சு! எங்க விட்ட?"

வலது கை மேசைமேல் உருட்டிக்கொண்டிருந்தது. உள்பக்கமாக. நகத்தின் ஓரத்தால். உருட்டி முடித்தது. மேலே வந்தது. மூக்கருகே நின்றது. அவள் முகத்தைத் திருப்பினாள். கை கூடவே திரும்பியது. பல்லைக் கடித்தாள். உதட்டை இறுக்கினாள். விரல்கள் உதட்டில் தொட்டன. லேசாக, பழகிய வீட்டுக் கதவைத் தட்டும் உரிமையோடு, ஒரே ஒரு முறை.

வாய் திறந்தது.